நியான் டெட்ரா மீன் ஏன் முதல் மாதத்தைத் தாண்டுவதில்லை?

சனிக்கிழமை தொட்டி, ஞாயிற்றுக்கிழமை பத்து நியான் டெட்ரா, அடுத்த ஞாயிறு மிச்சம் மூன்று. சென்னையின் வண்ணமீன் சந்தையான கொளத்தூர் போய் ஆசையாக மீன் வாங்கி வந்த பல வீடுகளில் நடப்பது இது. “சீக்கு மீனைத் தலையில் கட்டிவிட்டார்கள்” என்பார்கள். அப்படியும் நடப்பதுண்டு. ஆனால் அடிக்கடி காரணமாக இருப்பது, பழகாத புதுத் தொட்டி.

மீன் செவுள் வழியே ஓயாமல் அம்மோனியாவை வெளியேற்றுகிறது. தின்னாமல் கிடக்கும் தீனியும் அழுகி அதையே தருகிறது. ஃபில்டர் ஸ்பாஞ்சில் குடியேறும் ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாகவும், இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும். முதல் இரண்டும் கொல்லும். நைட்ரேட்டை வாராவாரம் கால் பங்கு தண்ணீர் மாற்றிக் கட்டுக்குள் வைக்கலாம். இந்த பாக்டீரியாக்கள் பெருக நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். அதுவரை தொட்டியில் மீன் வேண்டாம். ஃபில்டரை இரவு பகலாக ஓடவிட்டு, தினமும் ஒரு சிட்டிகை தீனி மட்டும் போடுங்கள். தண்ணீரைச் சோதிக்கும் டெஸ்ட் கிட்டில் முதலில் அம்மோனியா ஏறும். பிறகு அது இறங்கி நைட்ரைட் ஏறும். கடைசியில் இரண்டும் பூஜ்யமாகி நைட்ரேட் மட்டும் தெரியும். அன்றைக்குத்தான் தொட்டி தயார். நோயில்லாத பழைய தொட்டியில் ஓடிக்கொண்டிருக்கும் ஸ்பாஞ்ச் ஒன்று கிடைத்தால் நாள் குறையும்.

நியான், மேல் அமேசான் பகுதி ஓடைகளின் மீன். அங்கே உப்பு குறைந்த, லேசான அமிலத் தண்ணீர். நம் ஆழ்துளைக் கிணற்று (போர்) தண்ணீரோ கடினமானது, அமில-கார அளவான பி.எச். 8 வரை போகும். 25 டிகிரியில் பி.எச். 7 இருந்தால், மொத்த அம்மோனியாவில் நூற்றுக்கு அரைப் பங்குதான் நஞ்சு வடிவில் இருக்கும். பி.எச். 8 ஆனால் ஐந்து பங்கைத் தாண்டும். கிட் காட்டும் நிறம் ஒன்றுதான், நஞ்சு பத்து மடங்கு.

டி.டி.எஸ். (கரைந்த உப்புகளின் அளவு) 800 உள்ள போர் தண்ணீர் ஒரு பங்குக்கு, 30 உள்ள ஆர்.ஓ. தண்ணீர் நாலு பங்கு கலந்தால் 180-ஐ ஒட்டி நிற்கும். அது போதும். வெறும் ஆர்.ஓ. தண்ணீர் கூடாது, பி.எச். திடீரென்று சரியும். ஆர்.ஓ. மெஷின் வெளியே தள்ளும் கழிவுத் தண்ணீர் அறவே கூடாது, உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. குழாய்த் தண்ணீரில் க்ளோரின் இருந்தால் வாளியில் பிடித்து, ஏர் பம்ப் போட்டு ஒரு நாள் வைத்த பிறகே ஊற்றுங்கள்.

பையைப் பிரிப்பதிலும் ஒரு ஆபத்து உண்டு. பல மணி நேரம் கட்டிக் கிடந்த பையில் மீன் விட்ட கரியமில வாயு சேர்ந்து பி.எச். இறங்கியிருக்கும். அதனால் உள்ளே சேர்ந்த அம்மோனியா அவ்வளவாகக் கடிக்காது. பையைத் திறந்ததும் வாயு வெளியேறி, பி.எச். ஏறி, அதே அம்மோனியா நஞ்சாகிவிடும். ஆகவே கட்டிய பையைத் தொட்டியில் இருபது நிமிடம் மிதக்கவிடுங்கள். திறந்தபின் இழுத்தடிக்காமல் வலையால் மீனை மட்டும் எடுத்து விடுங்கள். பைத் தண்ணீர் தொட்டிக்குள் போகக் கூடாது.

இரண்டடித் தொட்டியில் பத்து மீன் இருக்கட்டும். நாலைந்தாக விட்டால் மூலையில் ஒடுங்கித் தீனிக்கே வராது. ஏஞ்சல் மீனோடு சேர்க்காதீர்கள், விழுங்கிவிடும். சின்ன வாய் என்பதால் தீனியை விரலில் நசுக்கி, இரண்டு நிமிடத்தில் தீரும் அளவே போடுங்கள்.

இவற்றையெல்லாம் விட மோசம், “சுத்தம் செய்கிறேன்” என்று தொட்டியைக் காலி செய்து ஸ்பாஞ்சைக் குழாயடியில் அலசுவது. ஆறு வாரம் வளர்த்த பாக்டீரியா ஐந்து நிமிடத்தில் போய்விடும். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே ஸ்பாஞ்சை இரண்டு முறை பிழிந்தால் போதும்.

சித்திரை வெயிலில் தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டினால் மூடியைத் திறந்து, சின்ன ஃபேனை நீர்மட்டத்தின் மேல் ஓடவிடுங்கள். இரண்டு மூன்று டிகிரி குறையும். ஆவியானதை ஆர்.ஓ. தண்ணீரால் மட்டும் ஈடுகட்டுங்கள், ஏனெனில் உப்பு ஆவியாகாது.

காலையில் விளக்குப் போட்டதும் நீலக்கோடு மங்கி, மீன் வெளிறித் தெரிந்தால் பதறி மருந்து ஊற்ற வேண்டாம். இருட்டில் நியான் நிறத்தைக் குறைத்துக்கொள்ளும், சிறிது நேரத்தில் திரும்பிவிடும். பகலிலும் முதுகுச் சதையில் வெண்திட்டு பரவி, கூட்டத்தை விட்டு ஒதுங்கி நீந்தும் மீனைத்தான் உடனே வேறு தொட்டிக்கு மாற்ற வேண்டும். அது நியான் டெட்ரா நோயாக இருக்கலாம், அதற்கு நம்பத்தக்க மருந்து இல்லை. செத்த மீனை மற்றவை கொத்தினால் அவற்றுக்கும் ஒட்டிக்கொள்ளும்.