ஏரியைப் புளிக்க வைத்த வெந்நீர்

ஜப்பானின் வடபகுதியில், அகிதா மாகாணத்தில் இருக்கிறது தஸாவா ஏரி. கரையை ஒட்டிப் பொன்னிறத்தில் ஒரு பெண் சிலை நிற்கும். அவள் பெயர் தத்சுகோ. அழியாத அழகு வேண்டி ஊற்று நீரைக் குடித்துக்கொண்டே இருந்தவள், டிராகனாக மாறி ஏரிக்குள் போய்விட்டாள் என்பது கதை. மகளைத் தேடி வந்த அம்மா ஆற்றாமையில் கையிலிருந்த தீப்பந்தத்தை வீசி எறிய, அது தண்ணீரில் விழுந்து மீனாக மாறியதாம். அந்த மீன்தான் குனிமாசு. அந்தக் காலத்தில் இந்த ஏரியைத் தவிர வேறெங்கும் இல்லாத மீன் அது. ஒரு மீனுக்கு ஒரு படி அரிசி என்று விலை சொல்வார்களாம்.

இன்றைக்குச் சிலைக்குப் பக்கத்தில் குனிந்து பார்த்தால் காலடியில் மீன்கள் மொய்க்கும். ஆனால் அவை உகுய் என்கிற வேறு மீன்கள். குனிமாசு இந்த ஏரியில் இல்லை. அதை அழித்தது, நாம் ஆசை ஆசையாய்க் குளிக்கப் போகிற அதே எரிமலை வெந்நீர்தான்.

முதலில் ஏரியைப் பார்த்துவிடலாம். கிட்டத்தட்ட வட்டமான ஏரி, குறுக்களவு 6 கிலோமீட்டர். ஆழம் 423 மீட்டர். ஜப்பானில் இதைவிட ஆழமான ஏரி கிடையாது. நீர்மட்டம் கடலைவிட 249 மீட்டர் உயரத்தில் இருந்தாலும், ஏரியின் அடித்தளம் கடல் மட்டத்துக்கும் கீழே 170 மீட்டருக்கு மேல் இறங்கிவிடுகிறது. சுற்றிலும் ஆளுயரப் பனி குவியும் ஊர் இது. ஆனாலும் ஏரி உறைவதில்லை. வெந்நீர் ஊற்று அடியில் சூடேற்றுகிறது என்று நினைக்கத் தோன்றும், ஆனால் உண்மைக் காரணம் ஆழம்தான். மேல்பரப்பு நீர் குளிரும்போது கனமாகிக் கீழே இறங்கும், கீழிருக்கும் வெதுவெதுப்பான நீர் மேலே வரும். இந்தப் புரட்டல் தண்ணீர் 4 டிகிரிக்கு வரும்வரை நடக்கும். அதற்கும் கீழே குளிர்ந்த நீர்தான் லேசாகி மேலேயே மிதந்து உறையும். ஆழமில்லாத குளம் சீக்கிரமே அந்த நிலைக்கு வந்துவிடும். தஸாவாவிலோ இவ்வளவு தண்ணீரின் சூட்டையும் இழுத்து முடிப்பதற்குள் குளிர்காலமே முடிந்துவிடுகிறது.

சரி, வெந்நீருக்கு வருவோம். ஏரிக்கு வடக்கே மலைக்குள் தமாகவா என்ற வெந்நீர் ஊற்று. பாறை இடுக்கிலிருந்து 98 டிகிரி சூட்டில், நிமிடத்துக்கு ஏறத்தாழ 9,000 லிட்டர் கொப்பளித்து வருகிறது. இதன் பிஎச் அளவு சுமார் 1.2. பிஎச் கணக்கில் ஓர் எண் குறைந்தால் அமிலம் 10 மடங்கு கூடும். எலுமிச்சைச் சாறு 2-ஐ ஒட்டி இருக்கும். அதைவிடப் பல மடங்கு புளிப்பு இது. நம் வயிற்றில் சுரக்கும் அமிலத்தோடுதான் ஒப்பிட முடியும், இரண்டிலும் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலமே. நிலத்தடியில் எரிமலைக் குழம்பிலிருந்து பிரியும் வாயுக்களில் ஹைட்ரஜன் குளோரைடும் கந்தக வாயுக்களும் உண்டு. அவை நிலத்தடி நீரில் கரைந்து அமிலமாகின்றன. வரும் வழியில் பாறையை அரித்து அலுமினியத்தையும் இரும்பையும் சேர்த்துக்கொண்டு மேலே வருகிறது தண்ணீர். குளியல் அறையில் ஊற்று நீரை அப்படியே விட்ட தொட்டியும், பாதியளவு சாதாரணத் தண்ணீர் கலந்த தொட்டியும் தனித்தனியாக வைத்திருக்கிறார்கள். உடம்பில் சின்னக் கீறல் இருந்தால் போதும், சுரீரென்று எரியும்.

இந்த நீர் கலந்த ஆற்றை அந்தப் பக்கத்து மக்கள் விஷ நீர் என்றே சொல்லி வந்தார்கள். வயலுக்குப் பாய்ச்சினால் பயிர் கருகும். 1940-இல் ஒரு திட்டம் வந்தது: ஆற்றை ஏரிக்குள் திருப்பிவிட்டால் அமிலம் கரைந்து நீர்த்துப்போகும், மின்சாரமும் எடுக்கலாம், பாசனமும் நடக்கும். கணக்கு ஒரு பக்கம் சரிதான், ஆற்றின் புளிப்பு குறைந்தது. ஆனால் குறைந்த புளிப்பெல்லாம் ஏரிக்குள் போய்ச் சேர்ந்தது. சில ஆண்டுகளுக்குள் மீன்கள் மடிந்தன. அமிலம் மீனின் செவுளைத் தாக்கி, உடம்பின் உப்பை வெளியே கசியவிடும். கரைந்த அலுமினியம் செவுளில் படிந்து மூச்சை அடைக்கும். உகுய் தப்பியது, அதன் செவுளில் உள்ள செல்களால் அமிலத்தை வெளியே தள்ளி உப்பைப் பிடித்துவைக்க முடிவதால்.

பின்னர் 1989-இல் ஊற்றுக்குப் பக்கத்திலேயே ஒரு நிலையம் கட்டினார்கள். உடைத்த சுண்ணாம்புக் கல் நிரம்பிய தொட்டிகள் வழியாக வெந்நீரை விடுவார்கள். கல்லிலிருக்கும் கார்பனேட் அமிலத்தோடு சேர்ந்து கரியமில வாயுவாக நுரைத்துப் போகும், கல் கரைந்துகொண்டே வரும். அதனால் கல்லைக் கொட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஊற்று நிற்காதவரை இந்த வேலையும் நிற்காது. இத்தனைக்கும் பிறகு ஏரியின் பிஎச் 5-ஐ ஒட்டியே நிற்கிறது.

எல்லா வெந்நீரும் இப்படி இல்லை. ஏரிக்கு வடகிழக்கே நியூட்டோ மலையடியில் சுருநோயு என்ற பழைய குளியல் விடுதிக்குப் போனால் தண்ணீர் பால்போல வெள்ளையாக இருக்கும். திறந்தவெளிக் குளத்தின் தரையில் கூழாங்கற்கள். உட்கார்ந்தால் அவற்றின் இடுக்கிலிருந்து வெந்நீர் குமிழிட்டு வருவது காலில் தெரியும். மண்ணிலிருந்து வரும்போது அது தெளிந்த நீர். அதில் கரைந்திருக்கும் ஹைட்ரஜன் சல்பைடு காற்றுப் பட்டதும் நுண்ணிய கந்தகத் துகள்களாகப் பிரிகிறது, அவை ஒளியைச் சிதறடிப்பதால் வெள்ளை. வெள்ளிக் கொலுசு, மோதிரம் இருந்தால் கழற்றி வைத்துவிட்டு இறங்குவது நல்லது, கறுத்துவிடும்.

அப்புறம் அந்தக் குனிமாசு. ஏரிக்குள் அமிலம் வருவதற்கு முன்பே, 1935-இல், அதன் முட்டைகளைச் சில ஏரிகளுக்கு அனுப்பியிருந்தார்கள். பிழைத்ததா என்று யாரும் கவனிக்கவில்லை. 2010-இல் கியோத்தோ பல்கலைக்கழகப் பேராசிரியர் நகாபோ தெத்சுஜி, மறைந்துபோன குனிமாசுவை வரைந்து தரும்படி மீன் ஓவியர் சகானா குன்னிடம் கேட்டார். பார்த்து வரைய ஒரு மாதிரி வேண்டுமே என்று ஃபுஜி மலையடியில் உள்ள சாய் ஏரியிலிருந்து உறவுக்கார மீன்களை வரவழைத்தார் ஓவியர். வந்த பெட்டியில் சில மீன்கள் வழக்கத்துக்கு மாறாகக் கறுப்பாக இருந்தன. சோதித்துப் பார்த்ததில் அவைதான் குனிமாசு. எழுபது ஆண்டுகள் யார் கண்ணிலும் படாமல் அங்கே பெருகி வந்திருக்கிறது.

இப்போது தஸாவா கரையிலேயே ஒரு காட்சிக்கூடம் இருக்கிறது. கண்ணாடித் தொட்டிக்குள் கறுத்த குனிமாசு மெல்ல நீந்துகிறது. வெளியே சில அடி தூரத்தில் அதன் சொந்த ஏரி. அந்தத் தண்ணீரில் அதை இன்னும் விட முடியாது.