டிஸ்ரப்ஷன்: சீர்குலைவு அல்ல, அடிபெயர்ப்பு

'புதிதாகப் பொறுப்பேற்ற தலைமைச் செயல் அதிகாரி, நிறுவனத்தைச் சீர்குலைக்கப்போவதாகப் பெருமிதத்துடன் அறிவித்தார்.' வணிகச் செய்திகளின் தமிழாக்கத்தில் இந்த மாதிரி வாக்கியம் இப்போது சர்வசாதாரணம். முதலில் அந்த ஆளை வீட்டுக்கு அனுப்புங்கள் என்றுதான் படிக்கிறவருக்குத் தோன்றும். டிஸ்ரப்ஷன் என்று கண்ணில் பட்டதும் அகராதியில் முதலில் நிற்கும் சொல்லை அப்படியே எடுத்து ஒட்டிவிடுகிறார்கள்.

சொல்லின் பிறப்பை வேகமாகப் பார்த்துவிடலாம். இலத்தீனில் ரும்பெரே என்றால் உடைத்தல். முன்னால் டிஸ் சேர்ந்தால் உடைத்துப் பிளத்தல். கரப்ட், பேங்க்ரப்ட் எல்லாம் அதே வேர்தான். வணிகத்தில் இதற்குத் தனிப்பொருள் கொடுத்தவர் ஹார்வர்டு வணிகப் பள்ளிப் பேராசிரியர் கிளேட்டன் கிறிஸ்டென்சன். 1995-ல் ஜோசப் பவருடன் சேர்ந்து எழுதிய கட்டுரையில் 'டிஸ்ரப்டிவ் டெக்னாலஜி' என்றார். பிறகு டெக்னாலஜியை விட்டுவிட்டு இன்னொவேஷன், அதாவது புத்தாக்கம், என்று மாற்றிக்கொண்டார். பெரிய நிறுவனத்தைக் கவிழ்ப்பது நுட்பம் அல்ல, அதை வைத்து நடத்தும் வியாபார முறை என்பது காரணம்.

அவர் சொன்ன பொருள் இது: தரத்தில் குறைந்த, ஆனால் மலிவான அல்லது கையாள எளிதான ஒரு சரக்கு சந்தையின் அடிமட்டத்திலோ, இதுவரை யாரும் வாங்காத இடத்திலோ நுழைகிறது. பெரிய நிறுவனம் அதைச் சட்டை செய்வதில்லை. அங்கே லாபம் சொற்பம். சரக்கு மெல்லத் தரம் உயர்ந்து மேலே ஏறி, பெரியவரின் வாடிக்கையாளரையே எடுத்துக்கொள்கிறது.

அவர் முதலில் ஆராய்ந்தது, கணினியில் தரவைச் சேமிக்கும் வட்டு இயக்கிகளை (டிஸ்க் டிரைவ்). 1980-களின் நடுவில் சீகேட் நிறுவனப் பொறியாளர்கள் 3.5 அங்குல இயக்கியின் முன்மாதிரிகளைச் செய்துவிட்டார்கள். விற்பனைப் பிரிவு அதை மேசைக் கணினி செய்யும் வழக்கமான வாடிக்கையாளரிடம் கொண்டுபோய்க் காட்டியது. அவர்களுக்கு வேண்டியது அதிகக் கொள்ளளவு. அளவு சிறிதானால் என்ன, பெரிதானால் என்ன? ஆர்வம் காட்டவில்லை. சீகேட்டும் திட்டத்தை ஓரங்கட்டியது. கானர் பெரிஃபெரல்ஸ் என்ற புதிய நிறுவனம் அதே அளவு இயக்கியைக் கையில் தூக்கிச் செல்லும் கணினிகளுக்கு விற்று மளமளவென்று வளர்ந்தது. சீகேட் 1988-ல் அந்த இயக்கியைச் சந்தைக்குக் கொண்டுவந்தபோது நேரம் கடந்திருந்தது.

இப்போது சொல்லுங்கள், இதில் சீர் எங்கே குலைந்தது? வாடிக்கையாளரைக் கேட்டார்கள், லாபக் கணக்குப் போட்டார்கள், கணக்குப்படி நடந்தார்கள். நிர்வாகம் கடைசி வரை சீராகத்தான் ஓடியது. அந்தச் சீர்தான் வினையானது. நன்றாக நடக்கும் நிறுவனம் நன்றாக நடப்பதாலேயே விழுகிறது என்பது கிறிஸ்டென்சன் சொன்னதன் உயிர்நாடி. சீர்குலைவு என்று எழுதுகிறவர் அதை அப்படியே தலைகீழாக்கிவிடுகிறார். அதோடு, சட்டம் ஒழுங்கு சீர்குலைவு, நிர்வாகச் சீர்குலைவு என்று செய்தித்தாளில் தேய்ந்த சொல் அது. கெட்டுப்போனதைத்தான் சொல்லும், கெட்ட இடத்தில் புதிதாக ஒன்று வந்து உட்கார்ந்ததைச் சொல்லாது. 'சீர்குலைவுப் புத்தாக்கம்' என்பதைப் பார்த்தால் புத்தாக்கம் கெட்டுப்போய்விட்டது போலவே இருக்கிறது.

இடையூறு என்பவர்களும் உண்டு. விமானச் சேவைக்கும் சரக்கு வரத்துக்கும் அது பொருந்தும், அங்கே தாராளமாக எழுதலாம். ஆனால் இடையூறு நீங்கினால் பழைய ஓட்டம் திரும்பும். இங்கே திரும்புவதில்லை. கீழறுப்பு நல்ல தமிழ், கீழிருந்து அறுப்பது என்ற பொருளும் கச்சிதம். ஆனால் சதி வாடை அடிக்கிறது. மலிவாக விற்பவன் சதிகாரன் இல்லையே.

நான் எழுதுவது அடிபெயர்ப்பு. அடியோடு பெயர்த்தல் என்று யாருக்கும் புரியும், சந்தையின் அடிமட்டத்தில் தொடங்குவதையும் 'அடி' சொல்லிவிடுகிறது. எதிர்ச்சொல்லும் வேண்டும்: இருக்கிற வாடிக்கையாளருக்காக இருக்கிற சரக்கை மேம்படுத்துவதை வளர்ப்புப் புத்தாக்கம் என்கிறேன். ஆங்கிலத்தில் 'சஸ்டெய்னிங் இன்னொவேஷன்' எனப்படும் அதை 'நீடித்த புத்தாக்கம்' என்று எழுதுகிறார்கள். நீடிப்பது புத்தாக்கமா, பழைய வியாபாரமா?

புத்தாக்கத்தையும் கண்டுபிடிப்பையும் ஒன்றாக்குவது இன்னொரு கொடுமை. கோடாக் பொறியாளர் ஸ்டீவன் சாசன் 1975-லேயே டிஜிட்டல் கேமரா செய்துவிட்டார். கண்டுபிடிப்புக்குக் குறையில்லை. ஃபிலிம் வியாபாரம் கொழித்த இடத்தில் அதைப் பிழைப்பாக்கும் மனம்தான் வரவில்லை. 2012 ஜனவரியில் நிறுவனம் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது.

எந்தப் புதுக் கம்பெனி வந்தாலும் அடிபெயர்ப்பு என்று எழுதுவதும் தவறு. ஊபர் அந்த வகையில் சேராது என்று கிறிஸ்டென்சனே 2015-ல் எழுதினார்: அது அடிமட்டத்தில் தொடங்கவில்லை, ஏற்கெனவே டாக்சியில் போகிறவர்களைத்தான் பிடித்தது. அங்கெல்லாம் 'சந்தையைப் புரட்டிப்போட்டது' போதும்.

தலைமை மாற்றச் செய்திகளில் வரும் 'டிஸ்ரப்ட் அவர்செல்வ்ஸ்' வேறு விஷயம். அங்கே பேச்சு, தன் வியாபாரத்தைத் தானே அடிபெயர்க்கும் தனிப்பிரிவைத் தொடங்குவது பற்றியது. ஐபிஎம் தன் 1981-ஆம் ஆண்டின் தனிநபர் கணினியை ஆர்மங்க் தலைமையகத்தில் செய்யவில்லை, ஃபுளோரிடாவின் போக்கா ரேட்டனில் தனிக் குழு வைத்துச் செய்தது. நாற்காலியில் ஆள் மாறியும் லாபக் கணக்குப் போடும் முறை மாறவில்லை என்றால், அந்த அறிவிப்பைத் 'தலைமை மாற்றம்' என்று மட்டும் மொழிபெயர்த்தால் சரியாக இருக்கும்.