முழங்கால் வலியா? முதலில் சைக்கிள் கடைக்குப் போய் வாருங்கள்

சைக்கிள் ஓட்டுகிறவர் யாராவது முழங்கால் வலி என்று என் பிசியோதெரபி கிளினிக்குக்கு வந்தால், எக்ஸ்ரே பற்றிக் கேட்பதற்கு முன்பே "வண்டியைக் கொண்டு வந்தீங்களா?" என்றுதான் கேட்பேன். முதலில் சிரிப்பார்கள். அடுத்த முறை கொண்டு வருவார்கள். வண்டியைச் சுற்றி வந்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். சீட் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து சரிந்திருந்தால், அவர் இடுப்பைச் சாய்த்து உட்காருகிறார் என்று சந்தேகப்படலாம். ஹேண்டில்பார் டேப் உள்ளங்கை படும் இடத்தில் நைந்து கறுத்திருந்தால், உடம்பின் பாரம் முழுக்கக் கையில் விழுகிறது. பெடலில் பூட்டிக்கொள்வதற்காக ஷூவின் அடியில் மாட்டும் கிளீட் ஒரு காலில் அதிகம் தேய்ந்திருப்பதும் ஒரு தடயம்தான். சிக்னலில் வழக்கமாக எந்தக் காலை ஊன்றுகிறார் என்பதைக் கழித்துவிட்டுத்தான் அதைப் படிக்க வேண்டும்.

இந்தத் தடயங்களையெல்லாம் எனக்கு முன்பே, என்னைவிட அடிக்கடி பார்க்கிறவர் அந்த வண்டியைச் சர்வீஸ் செய்யும் மெக்கானிக். சென்னையில் குழுவாகச் சேர்ந்து ஓட்டுகிறவர்களுக்குச் சிகிச்சை கொடுத்துவரும் அனுபவத்தில் சொல்கிறேன். தங்கள் ஏரியாவில் உள்ள ஒரு கடையோடு நெருக்கமாக இருக்கும் கிளப்பிலிருந்து என்னிடம் வருகிறவர்கள் குறைவு. வந்தாலும் சீக்கிரம் தேறிவிடுகிறார்கள். இது ஆராய்ச்சி முடிவு இல்லை, கிளினிக்கில் கண்ணால் பார்ப்பது. ஆனால் காரணம் விளங்காத விஷயமும் இல்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். நிமிஷத்துக்கு 80 சுற்று மிதிக்கிறீர்கள் என்றால் ஒரு மணி நேரத்தில் ஒவ்வொரு முழங்காலும் 4,800 முறை மடங்கி நீள்கிறது. திருவான்மியூரில் விடியற்காலை கிளம்பி ஈ.சி.ஆரில் மாமல்லபுரம் வரை போய், பொங்கல் வடை சாப்பிட்டுத் திரும்புவதற்குள் நான்கு மணி நேரம் மிதித்திருந்தால், அது 19,200 முறை. சீட் ஒரு சென்டிமீட்டர் இறங்கியிருந்தால் அந்தத் தப்பான மடிப்பும் அத்தனை முறை நடக்கிறது. நடக்கும்போது தெரியாத குறை சைக்கிளில் தெரிவது இதனால்தான். மாத்திரையும் ஐஸ் ஒத்தடமும் அன்றைக்கு வலியைக் குறைக்கும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதே சீட்டில்தானே ஏறி உட்காரப் போகிறீர்கள்?

வலி எங்கே என்பது ஓரளவு வழி காட்டும். முழங்கால் சில்லைச் சுற்றி முன்பக்கம் வலித்தால், பெரும்பாலும் சீட் தாழ்வாக இருக்கிறது, அல்லது அளவுக்கு மீறி முன்னால் தள்ளியிருக்கிறது, இல்லையென்றால் எதிர்காற்றிலும் கனமான கியரை விடாமல் அழுத்துகிறீர்கள். முழங்காலின் பின்புறம் இழுத்தால் சீட் உயரமாக இருக்கலாம். வெளிப்பக்கம் சுருக்கென்று குத்தினால் இடுப்பிலிருந்து முழங்காலுக்கு இறங்கும் பட்டை போன்ற திசு உறுத்தப்படுகிறது. சீட் உயரத்தையும் கிளீட் திரும்பியிருக்கும் கோணத்தையும் பார்க்க வேண்டும்.

சீட் உயரத்துக்கு வீட்டிலேயே ஒரு தொடக்கக் கணக்கு உண்டு. செருப்பில்லாமல் சுவரோடு ஒட்டி நின்று, கால் இடுக்கில் ஒரு கெட்டி அட்டைப் புத்தகத்தை நன்றாக மேலே அழுத்திப் பிடித்து, தரையிலிருந்து புத்தகத்தின் மேல்விளிம்பு வரை அளக்க வேண்டும். அந்த அளவை 0.883ஆல் பெருக்கினால், இரண்டு பெடல்களின் கிராங்க் கைகளும் சேர்ந்து சுழலும் நடு அச்சின் மையத்திலிருந்து சீட்டின் மேல்பகுதி வரை இருக்க வேண்டிய உயரம் தோராயமாகக் கிடைக்கும். 78 சென்டிமீட்டர் என்றால் கிட்டத்தட்ட 69. இது தொடக்கம் மட்டுமே. கிராங்க் நீளம், ஷூவின் தடிமன், பாதத்தை வைக்கும் பழக்கம் எதுவும் இந்தக் கணக்கில் இல்லை. பெடல் அடிமட்டத்தில் இருக்கும்போது முழங்கால் 25 முதல் 35 டிகிரி வரை மடங்கியிருக்கிறதா என்று வேறொருவர் பக்கவாட்டில் நின்று பார்த்தால்தான் முடிவுக்கு வரலாம். அந்த வேறொருவர், கடையில் வண்டியை, நின்ற இடத்திலேயே மிதிக்க உதவும் டிரெய்னர் ஸ்டாண்டில் மாட்டி உங்களைப் பத்து நிமிஷம் மிதிக்க வைத்துப் பார்க்கிறவராக இருப்பதே நல்லது. அப்புறம், மாற்றுவதை ஒரு தடவைக்கு ஐந்து மில்லிமீட்டருக்கு மேல் மாற்றாதீர்கள். மாற்றி, சில நாள் ஓட்டி, பிறகு மீண்டும் பாருங்கள்.

உடம்பைப் பார்த்து வண்டி கொடுப்பது நம் ஊருக்குப் புதிதில்லை. வாடகை சைக்கிள் கடைகள் இருந்த காலத்தில், பையன் வந்து நின்றதும் கடைக்காரர் அவன் காலைப் பார்ப்பார். அரை வண்டியா, முக்கால் வண்டியா என்று அவரே எடுத்துத் தருவார். பெரியவர்களுக்கும் 22 இன்ச், 24 இன்ச் என்று பிரேம் அளவு கேட்டு வாங்கும் வழக்கம் இருந்தது. இன்று கியர் வண்டியை போனில் படம் பார்த்து வாங்குகிறோம். விலை குறைந்த மாடல்கள் பல ஒரே பிரேம் அளவில்தான் வருகின்றன. பெட்டியில் வந்து இறங்கும், ஒரு ஆலன் கீயும் கூடவே இருக்கும், மீதியை வீடியோ பார்த்து மாட்டிக்கொள்ள வேண்டியது. 2020 ஊரடங்குக்குப் பிறகு சைக்கிளுக்கு வந்த கிராக்கியில் கிடைத்த அளவை வாங்கினால் போதும் என்று ஆனது. அந்த வண்டிகளை இன்னும் ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் என்னிடம் வருகிறார்கள். அளவில் பெரிய பிரேமை வாங்கிவிட்டு, எட்டி எட்டிப் பிடித்துக் கழுத்தும் தோளும் இறுகிப்போனவர்கள் அதில் அதிகம். ஹேண்டில்பாரை வண்டியோடு இணைக்கும் ஸ்டெம்மைக் குட்டையாக்கிக் கொஞ்சம் ஒப்பேற்றலாம், பிரேமை மாற்ற முடியாது.

கை மரத்துப்போகிறது என்பது அடுத்த பெரிய புகார். மோதிர விரலும் சுண்டு விரலும் மட்டும் மரத்தால், உள்ளங்கையின் ஓரமாகப் போகும் நரம்பு ஹேண்டில்பாரில் நசுங்குகிறது என்று அர்த்தம். ஜெல் கையுறை வாங்கி மாட்டிக்கொண்டு வருவார்கள். அது கொஞ்சம் உதவும். ஆனால் சீட்டின் மூக்கு கீழே சாய்ந்திருந்தால் உடம்பு முன்னால் வழுக்கி, பாரத்தைக் கை வாங்கிக்கொண்டேதான் இருக்கும். டயரையும் பாருங்கள். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் அதிகபட்சக் காற்றழுத்தத்தை அப்படியே அடித்துக்கொண்டு ஓட்டுகிறவர்கள் நிறையப் பேர். அது வரம்பு, அந்த அளவுக்குத்தான் அடிக்க வேண்டும் என்று இல்லை. உங்கள் எடைக்கு ஏற்பக் குறைத்தால், பிரேமில் இடம் இருந்து 25க்குப் பதில் 28 அல்லது 32 மில்லிமீட்டர் டயர் போட்டால், சாலையின் அதிர்வு கைக்கு வருவது நன்றாகவே குறையும். இதைச் சொல்ல என் கன்சல்டேஷன் பீஸ் தேவையில்லை. கடையில் காற்றடிக்கும்போது இரண்டு நிமிஷத்தில் சொல்லிவிடுவார்கள்.

கடலோர ஊருக்கே உரிய ஒரு தொல்லையும் இருக்கிறது. சீட்டை ஒரு சென்டிமீட்டர் ஏற்றச் சொல்லி அனுப்புவேன். மறுநாள் போன் வரும்: "மேடம், சீட் போஸ்ட் அசையவே மாட்டேங்குது." சீட் போஸ்ட் என்பது சீட்டைத் தாங்கி பிரேமுக்குள் இறங்கும் குழாய். ஸ்டீல் பிரேமுக்குள் அலுமினிய போஸ்ட் இருந்து, வியர்வையும் உப்புக் காற்றும் உள்ளே இறங்கிவிட்டால், இரண்டு உலோகங்களும் வினைபுரிந்து ஒன்றோடொன்று கடித்துக்கொள்ளும். ஈ.சி.ஆரில் வாரா வாரம் ஓட்டுகிற வண்டிக்கு வருஷத்துக்கு ஒரு முறையாவது போஸ்ட்டை வெளியே எடுத்துத் துடைத்து கிரீஸ் போட வேண்டும். பிரேமோ போஸ்ட்டோ கார்பன் என்றால் கிரீஸ் கூடாது, அதற்கென்று தனி பேஸ்ட் உண்டு. இந்த வேலையை எந்த ஆன்லைன் விற்பனையாளரும் ஞாபகப்படுத்த மாட்டார்.

சர்வீஸ் முடிந்து வந்த வண்டியிலும் ஒரு கண் வேண்டும். கழுவுவதற்காகப் போஸ்ட்டைக் கழற்றியவர் திரும்ப மாட்டும்போது கொஞ்சம் தாழ்த்தி மாட்டிவிட்டால், இரண்டு வாரத்தில் முன்பக்க வலி ஆரம்பிக்கும், காரணமே பிடிபடாது. போஸ்ட்டில் பிரேம் முடியும் இடத்தில் இன்சுலேஷன் டேப்பை ஒரு சுற்றுச் சுற்றி வையுங்கள். சீட் உயரம், சீட்டுக்கும் ஹேண்டில்பாருக்கும் இடையே உள்ள தூரம், ஸ்டெம் நீளம், டயர் அழுத்தம் ஆகிய நான்கையும் எழுதி ஒரு பிரதி கடையில், ஒரு பிரதி போனில். கிளப் நினைத்தால் எல்லா உறுப்பினருக்கும் இதை ஒரே மாதத்தில் செய்து முடிக்கலாம்.

இங்கேதான் கிளப்புகளோடு எனக்குக் கொஞ்சம் சண்டை. சென்னையில் ஏரியாவுக்கு ஏரியா சைக்கிள் குழுக்கள் வந்தது நல்ல விஷயம். பள்ளியோடு சைக்கிளை விட்டவர்கள் நாற்பது வயதுக்கு மேல் மறுபடி ஏறுகிறார்கள் என்றால் அது இந்தக் குழுக்களால்தான். ஆனால் கடையோடு பேசப் போகும்போது முதல் கேள்வியே "எங்க மெம்பர்ஸுக்கு எத்தனை பர்சன்ட் தள்ளுபடி?" என்பதாக இருக்கிறது. அடுத்தது ஜெர்சிக்கு ஸ்பான்சர். கடையில் வண்டியில் ஏறி உட்கார்ந்து அளவு பார்த்துவிட்டு, சில ஆயிரம் ரூபாய்க்காக ஆன்லைனில் வாங்கி, அதை மாட்டித் தரச் சொல்லி அதே கடைக்குப் பெட்டியோடு வருகிறவர்களும் உண்டு. கடைக்காரர் சிரித்துக்கொண்டே மாட்டித் தருவார். ஆனால் அவர் எத்தனை நாளைக்கு அந்த வாடகையில் கடை நடத்துவார்? அவர் மூடிவிட்டால் உங்கள் கிளீட் தேய்வதைப் பார்த்துச் சொல்ல ஆள் இருக்காது. பொருள் மட்டும் எப்படியும் கிடைக்கும்.

தள்ளுபடிக்குப் பதில் அவருடைய நேரத்தைக் கேளுங்கள் என்பது என் யோசனை. வார நாளில் கூட்டமில்லாத ஒரு மாலை, புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு மட்டும், உயரம் பார்த்துத் தருவதற்கு. அதற்கு ஒரு கட்டணத்தைக் கடைக்காரர் வைக்கட்டும். மாத்திரைச் செலவை நினைத்தால் பெரிய தொகையாகத் தெரியாது. மாதத்தில் ஒரு ஞாயிறு ரைடு கடை வாசலிலிருந்து கிளம்பட்டும். கிளம்புவதற்கு முன் காற்று, பிரேக், செயின் மூன்றையும் மெக்கானிக் வரிசையாகப் பார்ப்பார். செயின் தேய்மானத்தை ஒரு ஸ்டீல் ஸ்கேல் வைத்தே கண்டுபிடிக்கலாம்: புது செயினில் 12 முழுக் கண்ணி (உள்தகடும் வெளித்தகடும் சேர்ந்த ஜோடி ஒரு கண்ணி) சரியாக 12 இன்ச். பதினாறில் ஒரு பங்கு இன்ச் நீண்டிருந்தால் செயினை மாற்ற வேண்டும், எட்டில் ஒரு பங்கு என்றால் பின்சக்கரத்துப் பல்சக்கர அடுக்கான கேசட்டும் பெரும்பாலும் போய்விட்டது என்று பொருள். உடம்புக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். எழுந்து நின்று மிதிக்கும்போது செயின் பல் தாண்டினால் முழங்கால் நேராகப் போய் ஸ்டெம்மில் இடிக்கும். பார்த்திருக்கிறேன்.

கடைக்காரரின் வாய்க்கும் ஒரு மதிப்பு உண்டு. கிளப்பில் ஒரு வேகம் இருக்கிறது: முதல் மாதம் 25 கிலோமீட்டர், இரண்டாம் மாதம் 100, அதற்கடுத்து பி.ஆர்.எம். எனப்படும், நேர வரம்புக்குள் முடிக்க வேண்டிய 200 கிலோமீட்டர் நெடுந்தூர ரைடு. 200க்கு பதின்மூன்றரை மணி நேரம் தருகிறார்கள். ஓய்வையும் சேர்த்து மணிக்கு 15 கிலோமீட்டருக்கும் குறைவு, கேட்க எளிதாகத்தான் இருக்கும். ஆனால் இரண்டு மணி நேரத்தில் தெரியாத சீட் குறை பத்தாவது மணி நேரத்தில் ஆளைப் படுக்க வைத்துவிடும். "அண்ணே, இந்த செட்டப்ல 200 வேண்டாம். முதல்ல ஸ்டெம்மை மாத்திட்டு ஒரு மாசம் ஓட்டுங்க" என்று மெக்கானிக் சொன்னால், வாட்ஸாப் குழுவில் பத்துப் பேர் கொடுக்கும் உற்சாகத்தைவிட அதற்குக் காது கொடுக்கலாம். அவர் பொருள் விற்கவும்தான் சொல்கிறார், சரி. விற்பதற்காகச் சொல்கிறாரா, வண்டியைப் பார்த்துச் சொல்கிறாரா என்பது சில முறை போனாலே புரிந்துவிடும்.

கடையில் தீராதவையும் உண்டு. முழங்கால் வீங்கினால், மடக்கியபின் நீட்ட முடியாமல் பூட்டிக்கொண்டால், ராத்திரி தூக்கத்தில் வலி எழுப்பினால், விரலிலோ சீட்டில் அழுந்தும் இடத்திலோ மரத்துப்போனது மறுநாளும் போகாவிட்டால், சீட்டை ஏற்றி இறக்கிக்கொண்டிருக்காமல் மருத்துவரைப் பாருங்கள். மிதிக்கும்போது நெஞ்சு இறுகினால் அங்கேயே நிறுத்திவிட்டு நேராக ஆஸ்பத்திரிக்கு. கீழே விழுந்து தலையில் அடிபட்டவர் வாந்தி எடுத்தாலோ, கேட்டதையே திரும்பக் கேட்டாலோ, தூங்கி வழிந்தாலோ, அவரை வண்டியில் ஏற்றி வீட்டுக்கு அனுப்பாதீர்கள். கிளப்பில் ஒருவர் கூடவே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அடி வாங்கிய ஹெல்மெட் வெளியே நன்றாக இருந்தாலும் மாற்றிவிடுங்கள். உள்ளே இருக்கும் தெர்மாகோல் போன்ற நுரை ஒரு முறை அமுங்கினால் பழையபடி ஆகாது. விழுந்த வண்டியைக் கடையில் காட்டாமல் எடுக்கவும் வேண்டாம். வலப்பக்கமாக விழுந்திருந்தால் பின்பக்கம் கியர் மாற்றும் டெரெய்லரைத் தாங்கும் ஹேங்கர் வளைந்திருக்கலாம். பார்வைக்குத் தெரியாது, பெரிய பல்சக்கரத்துக்கு மாற்றும் அன்றைக்கு டெரெய்லர் ஸ்போக்ஸுக்குள் போய்ச் சிக்கிப் பின்சக்கரம் நின்றுவிடும்.