அம்மாவுக்கு முடக்குவாதம், மகளுக்கு ஆர்.ஏ. ஃபேக்டர் பாசிட்டிவ்: பயப்பட வேண்டுமா?

முடக்குவாதம் (ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ், சுருக்கமாக ஆர்.ஏ. என்ற மூட்டு நோய்) உள்ளவர்களுக்குத் துணையாக வரும் மகளோ தங்கையோ, மருந்துச்சீட்டு எழுதி முடித்த பிறகு தன்னுடைய ரிப்போர்ட் ஒன்றைப் பையிலிருந்து எடுத்து நீட்டுவது இப்போது அடிக்கடி நடக்கிறது. மாஸ்டர் ஹெல்த் செக்கப்போடு ஆர்.ஏ. ஃபேக்டரையும் (ரத்தத்தில் இருக்கும் ஓர் எதிர்பொருள், அதாவது நோய் எதிர்ப்பு மண்டலம் உருவாக்கும் புரதம்) பார்த்திருப்பார்கள், 20-க்குள் இருக்க வேண்டியது 38 என்று தடித்த எழுத்தில் இருக்கும். "எனக்கும் வந்துடுச்சா டாக்டர்?" பக்கத்தில் இருக்கும் அம்மாவின் முகம் அதற்குள் வாடிவிடும், எல்லாம் தன்னால்தான் என்று.

அந்த ஒரு எண்ணை வைத்து நோய் வந்துவிட்டதாகச் சொல்லவே முடியாது. ஆரோக்கியமாக இருக்கும் நூறு பேரில் ஏறக்குறைய ஐந்து பேருக்கு ஆர்.ஏ. ஃபேக்டர் பாசிட்டிவாக வரும், வயது ஏற ஏற இன்னும் கூடும், ஹெபடைட்டிஸ் சி, காசநோய் மாதிரியான தொற்றுகளிலும் வரும். வலியே இல்லாதவருக்கு இதை பேக்கேஜில் சேர்த்துப் பார்ப்பது வீண் கவலை என்பதுதான் என் கருத்து.

முடக்குவாதத்துக்காகப் பார்க்கும் இன்னொரு எதிர்பொருளான ஆன்டி-சிசிபி அப்படியில்லை. ஆரோக்கியமானவர்களிடம் அது அபூர்வம், அதனால் நோயாளியின் உடன்பிறந்தவர், பிள்ளை யாருக்காவது அது பாசிட்டிவ் என்றால், அதிலும் அளவு அதிகமாக இருந்து ஆர்.ஏ. ஃபேக்டரும் சேர்ந்து வந்தால், நான் விட்டுவிடுவதில்லை. நெதர்லாந்தில் ரத்ததானம் செய்திருந்தவர்களில் பின்னாளில் முடக்குவாதம் வந்தவர்களின் பழைய ரத்தத்தைச் சோதித்தபோது, ஏறக்குறைய பாதிப் பேரிடம் நோய் தலைகாட்டுவதற்குப் பல வருடங்கள் முன்பே இந்த எதிர்பொருள்கள் இருந்தன (2004-ல் வெளிவந்த ஆய்வு). ஆனால் கனடாவின் மானிட்டோபாவில் பூர்வகுடிக் குடும்பங்களை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பார்த்ததில், பாசிட்டிவாக இருந்த உறவினர்கள் பலருக்கு நோய் வரவே இல்லை, சிலருக்கு எதிர்பொருளே பின்னால் மறைந்துபோனது. பரம்பரையும் நாம் நினைக்கிற அளவுக்கு விதியை எழுதிவிடுவதில்லை: 1993-ல் வந்த இங்கிலாந்து ஆய்வில், ஒரே கருமுட்டையிலிருந்து உருவான இரட்டையர்களில்கூட ஒருவருக்கு இருந்தால் மற்றவருக்கும் இருந்தது சுமார் 15 சதவீதம்தான்.

சரி, அப்புறம் எதைப் பார்ப்பது? கையை. காலையில் எழுந்ததும் விரல்களை முழுசாக மடக்கி முஷ்டி பிடிக்க முடிகிறதா, விறைப்பு விட எவ்வளவு நேரம் ஆகிறது என்றுதான் முதலில் கேட்பேன். ஐந்து நிமிடத்தில் போனால் எனக்குக் கவலையில்லை. பாத்திரம் கழுவி, ஜடை பின்னி, ஒரு மணி நேரம் ஆகியும் விடவில்லை என்றால் உட்கார வைத்து, விரல்கள் உள்ளங்கையோடு சேரும் அந்த முட்டி வரிசையைக் கைகுலுக்குவது போல இரண்டு பக்கமும் சேர்த்து லேசாக அழுத்துவேன். அங்கே முகம் சுளித்தால், எண் என்னவாக இருந்தாலும் அல்ட்ராசவுண்ட் எழுதிவிடுவேன். சிலருக்குக் கைக்கு முன்னால் பாதத்தில்தான் ஆரம்பிக்கும், படுக்கையிலிருந்து இறங்கி முதல் அடி வைத்ததும் விரல்களுக்குக் கீழே வலிக்கும்.

வலி இல்லாதவர்களுக்கு நான் மாத்திரை எழுதுவதில்லை. முடக்குவாதத்துக்குக் கொடுக்கும் ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் மாத்திரையைக் கொடுத்து நோயைத் தடுக்கலாமா என்று அமெரிக்காவில் பார்த்த ஆய்வு பலன் தெரியாமல் நிறுத்தப்பட்டது. நோய் எதிர்ப்பு மண்டலத்தை அடக்கும் அபடாசெப்ட் ஊசி, எதிர்பொருளோடு மூட்டுவலியும் இருந்தவர்களுக்கு நோயைத் தள்ளிப்போட்டது, ஊசியை நிறுத்தியதும் அந்தப் பலன் குறைந்துகொண்டே வந்தது. நம் கையில் நிச்சயமாக இருப்பது புகையிலை. சிகரெட் புகை நுரையீரலில் உள்ள புரதங்களின் வடிவத்தை மாற்றும், அவற்றுக்கு எதிராகத்தான் உடல் இந்த எதிர்பொருள்களை உருவாக்குகிறது என்பதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. அப்பாவுக்கு முடக்குவாதம், மகனுக்கு ஆன்டி-சிசிபி பாசிட்டிவ், அவர் இன்னும் புகைக்கிறார் என்றால் மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு அதைப் பற்றித்தான் பேசுவேன். ஈறு நோய்க்கும் இதற்கும் தொடர்பு இருக்கலாம் என்பதால், ஈறில் ரத்தம் வந்தால் பல் டாக்டரையும் பாருங்கள்.

கல்யாணப் பேச்சு நடக்கும் பெண்ணாக இருந்தால் இந்த ரிப்போர்ட்டுக்காக எதையும் தள்ளிப்போட வேண்டாம். பிள்ளை பெறுவதற்கும் இது தடையில்லை.

விறைப்போ வீக்கமோ தொடங்கினால் மட்டும் தாமதிக்காதீர்கள், முதல் சில மாதங்களுக்குள் சிகிச்சை தொடங்கியவர்களுக்கு மூட்டு கோணாமல் காப்பாற்ற முடிகிறது. டாக்டரிடம் வருவதற்கு முன் மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிய ஸ்டீராய்டைப் போட்டால் வீக்கம் வடிந்து, எனக்குப் பார்க்க ஒன்றும் இருக்காது. ஏற்கெனவே போட்டிருந்தால் அந்த மாத்திரை அட்டையையும், அம்மாவின் பழைய ரிப்போர்ட்டையும் கையோடு எடுத்து வாருங்கள்.