நின்றுபோன பல்வலி

"வலி போன தீவாளியோட நின்னுட்டு டாக்டரம்மா. ஈறுல ஒரு கொப்புளந்தான் வந்து வந்து உடையுது."

தாராவியில் இட்லி வியாபாரம் செய்யும் அக்கா. சயானில் என் கிளினிக்குக்கு வரும் திருநெல்வேலிக்காரர்களில் பாதிப் பேர் இப்படித்தான், வலி நின்ற பிறகு வருவார்கள். எக்ஸ்-ரேயில் கீழ்க் கடைவாய்ப் பல்லின் வேர் நுனியில் மிளகு அளவுக்கு ஒரு கறுப்பு.

அது எலும்பு கரைந்த இடம். கரைத்தது பெரும்பாலும் நம் உடம்பேதான்.

சொத்தை வழியாகக் கிருமி இறங்கி, பல்லுக்குள் இருக்கும் நரம்பும் ரத்தக்குழாயும் செத்துவிட்டன. வலி நின்றது அதனால்தான். ரத்தம் ஓடாத வேர்க் கால்வாய்க்குள் (வேருக்குள் நரம்பு ஓடும் குழாய்) வெள்ளையணுக்கள் போய்ச் சண்டை போட முடியாது. வேர் நுனியிலேயே மறித்து நிற்கின்றன. முதலில் வரும் நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணுக்கள் செத்துக் குவிந்தால் சீழ். அக்காவின் ஈறில் கொப்புளமாக வந்து உடைவது அதுதான். பிறகு மேக்ரோஃபேஜ், டி செல், பி செல் என்று மற்ற வெள்ளையணுக்கள் எல்லாம் வந்து சேரும். இவை விடும் இன்டர்லூக்கின்-1 போன்ற ரசாயனங்கள், எலும்பைக் கரைக்கும் ஆஸ்டியோகிளாஸ்ட் செல்களைக் கிளப்பிவிடுகின்றன. தீ பரவாமலிருக்கப் பக்கத்துக் கூரையைப் பிரித்துப் போடுவோமே, அந்த மாதிரி. தீ அணையாதவரை கூரையும் போய்க்கொண்டே இருக்கும்.

1965இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு. கிருமியே இல்லாமல் வளர்த்த எலிகளின் பல்லைத் துளைத்து அப்படியே விட்டார்கள். சோறும் தூசும் அடைந்தும் உள்ளே ஒன்றும் அழுகவில்லை. துளையை உடம்பே மூடத் தொடங்கியது. சாதாரண எலிகளுக்குச் சீழ் வைத்தது.

அக்கா மெடிக்கலில் மூன்று தடவை அமாக்ஸிசிலின் என்ற கிருமிக்கொல்லி மாத்திரை வாங்கிப் போட்டிருந்தார். மாத்திரை ரத்தத்தில்தானே போகும்? ரத்தமே போகாத இடத்துக்கு அது எப்படிப் போகும்? வீக்கம் வடியும், கிருமி குடியிருக்கும். ஆனால் தாடைக்குக் கீழே வீங்கி, காய்ச்சலோடு, வாய் திறக்கவோ எச்சில் விழுங்கவோ முடியாவிட்டால் கதை வேறு. மூச்சையே அடைத்துவிடும், நடு ராத்திரியானாலும் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

"வலிக்காத பல்லுக்கு எதுக்கு மூணு தடவ வரணும்?" என்று முனகிக்கொண்டேதான் ரூட் கேனால், அதாவது அந்த வேர்க் கால்வாயைச் சுத்தம் செய்து அடைக்கும் சிகிச்சை, செய்துகொண்டார். இரண்டு வாரத்தில் கொப்புளம் மறைந்தது. எலும்பு அவ்வளவு சீக்கிரம் வராது, மாதக்கணக்காகும்; சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களுக்கு இன்னும் இழுக்கும். எட்டு மாதம் கழித்து எடுத்த எக்ஸ்-ரேயில் கறுப்பு பாதியாகச் சுருங்கியிருந்தது.

பல்லுக்கு மேல் கேப் (உறை) போட மட்டும் இன்னும் வரவில்லை. மழை முடியட்டும் என்கிறார்.