பதக்கம் வந்துவிட்டது, தகுதி ஏன் வரவில்லை?

மாநிலத் தடகள மீட் முடிந்து, தேசியப் போட்டிக்குப் போகிறவர்கள் பட்டியல் ஒட்டப்பட்டதும் நடுவர் மேசைப் பக்கம் ஒரு கூட்டம் வரும். "சார், எங்க மாவட்ட மீட்ல பையன் 100 மீட்டர் 11.2 ஓடினான். சர்க்குலர்ல கேட்டிருக்கிற டைமைவிட இது குறைவுதானே, பேரு ஏன் வரல?" மாவட்டத்தில் கொடுத்த சான்றிதழை லேமினேட் செய்து கையோடு கொண்டுவந்திருப்பார்கள். பையன் ஓடியது உண்மை. ஆனால் அந்த நேரத்தை எந்தக் கருவி எடுத்தது, காற்று எவ்வளவு அடித்தது, எறிதல் என்றால் குண்டு எத்தனை கிலோ, மீட் எந்தத் தேதியில் நடந்தது, அதற்கு அங்கீகாரம் உண்டா என்பதெல்லாம் சேர்ந்தால்தான் அது தகுதிக் கணக்கில் ஏறும். உடற்கல்வி ஆசிரியராகப் பிள்ளைகளை மீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகிறவனும் நான்தான், நடுவர் மேசையில் உட்கார்ந்து "இது செல்லாது" என்று சொல்கிறவனும் நான்தான் என்பதால், இதை ஒருமுறை விவரமாக எழுதிவிடலாம் என்று தோன்றியது.

முதலில் அந்த 11.2 விஷயத்தைப் பார்ப்போம். மண் டிராக்கில் நடக்கும் மீட்டில் 100 மீட்டருக்கு அந்த முனையில் ஸ்டார்டர் நிற்பார், இந்த முனையில் டைம் எடுப்பவர்கள் நிற்பார்கள். துப்பாக்கியின் புகையை அல்லது கிளாப்பர் சேர்வதைக் கண்ணால் பார்த்து வாட்சை அழுத்த வேண்டும் என்பது முறை. நடைமுறையில் பலர் சத்தம் கேட்டுத்தான் அழுத்துகிறார்கள். சத்தம் 100 மீட்டர் தாண்டி வந்து சேரக் கிட்டத்தட்ட 0.3 விநாடி ஆகும். பையன் கிளம்ப ஆரம்பித்த பிறகுதான் வாட்சே ஓட ஆரம்பிக்கிறது! சரி, புகை பார்த்தே அழுத்தினார் என்று வைத்துக்கொண்டாலும், கை வாட்ச் நேரத்தை அடுத்த பத்தில் ஒரு விநாடிக்கு மேலே ஏற்றித்தான் எழுத வேண்டும். வாட்சில் 11.32 என்றால் ஏட்டில் 11.4. அப்புறம், எலக்ட்ரானிக் நேரத்தோடு ஒப்பிட 100, 200 மீட்டருக்கு 0.24 விநாடியும் 400 மீட்டருக்கு 0.14 விநாடியும் கூட்டிக்கொள்வது வழக்கம். ஆக, முறைப்படி எடுத்திருந்தாலே 11.2 என்பது 11.44. சத்தத்துக்கு அழுத்திய 11.2 என்றால் 11.7 பக்கம் போய்விடும். இரண்டுக்கும் நடுவில் இரண்டு மூன்று மீட்டர் இடைவெளி இருக்கிறது.

இந்தக் கூட்டல் கழித்தல்கூட நம் மனத் திருப்திக்குத்தான். உலக ஜூனியர் (20 வயதுக்குட்பட்டோர்) போட்டிக்கான தகுதி இலக்கில், 100, 200, 400 மீட்டருக்கும் தடை ஓட்டங்களுக்கும் கை வாட்ச் நேரத்தை எடுத்துக்கொள்வதே இல்லை. முடிவுக் கோட்டைக் கடப்பதைப் படமெடுத்து நேரம் காட்டும் போட்டோ ஃபினிஷ் கேமரா வைத்த மீட்டில் ஓடியிருக்க வேண்டும். அதனால்தான் என்னிடம் வரும் பெற்றோரிடம், உள்ளூர் மண் டிராக் மீட் நான்கைந்துக்குப் போகும் செலவில் சிந்தெடிக் டிராக்கும் கேமராவும் உள்ள மீட் ஒன்றுக்குக் கூட்டிப்போங்கள் என்று சொல்கிறேன். கோப்பை கிடைக்காமல் போகலாம். ஆறாவதாக வந்தாலும் பையனுடைய உண்மையான நேரம் தெரிந்துவிடும்.

காற்று இன்னும் பெரிய சங்கடம். பின்னாலிருந்து அடிக்கும் காற்று விநாடிக்கு 2.0 மீட்டரைத் தாண்டினால் 100, 200, 100 மற்றும் 110 மீட்டர் தடை ஓட்டம், நீளம் தாண்டுதல், மும்முறை தாண்டுதல் ஆகியவற்றில் அந்தப் பதிவு சாதனைக்கும் ஆகாது, தகுதிக்கும் ஆகாது. பதக்கத்துக்கு மட்டும் ஆகும், எல்லாருக்கும் ஒரே மைதானம் என்பதால். இதற்கு நம் பக்கத்திலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. 2022இல் கோழிக்கோடு பல்கலைக்கழக மைதானத்தில் நடந்த ஃபெடரேஷன் கோப்பை தேசியப் போட்டியில், நீளம் தாண்டுதலில் தூத்துக்குடி மாவட்டம் முதலூரைச் சேர்ந்த ஜெஸ்வின் ஆல்ட்ரின் 8.37 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார். கேரளத்தின் ஸ்ரீசங்கர் 8.36, வெள்ளி. ஆனால் தேசிய சாதனை என்று எழுதப்பட்டது வெள்ளி வென்றவருடைய 8.36. ஜெஸ்வின் தாண்டியபோது காற்று 4.1. அடுத்த ஆண்டு அவரே 8.42 தாண்டி அந்தச் சாதனையைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டார் என்பது வேறு கதை.

காற்றை அளப்பதிலும் ஒழுங்கு உண்டு. நீளம் தாண்டுதலில் கருவியை உதைபலகைக் கோட்டிலிருந்து 20 மீட்டர் தள்ளி, ஓடுபாதையிலிருந்து 2 மீட்டருக்குள், 1.22 மீட்டர் உயரத்தில் வைக்கிறோம். வீரர் பலகைக்கு 40 மீட்டர் முன்பிருக்கும் குறியைக் கடந்ததும் 5 விநாடி அளக்க வேண்டும், மும்முறைக்கு 35 மீட்டர் குறி. சின்னப் பிள்ளைகளின் ஓட்டம் அவ்வளவு நீளம் இருக்காது, அவர்கள் ஓடத் தொடங்கும்போதே அளக்க வேண்டும். வந்த அளவை அடுத்த பத்தில் ஒன்றுக்கு ஏற்றி எழுதுவோம்: 2.03 என்று காட்டினால் அது 2.1, போச்சு. நம் பள்ளி மீட்டுகள் பலவும் ஜூலை, ஆகஸ்டில் வருகின்றன. ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள், எட்டாம் வகுப்புப் பாப்பா 30 சென்டிமீட்டர் கூடுதலாகப் பறப்பதில் ஆச்சரியம் என்ன? பெரும்பாலான இடங்களில் காற்றுக் கருவியே இருக்காது. கருவி இல்லாமல் எடுத்த தூரத்தைத் தகுதி என்று கேட்கவே முடியாது, அன்று இலைகூட அசையவில்லை என்றாலும்.

எறிதலில் எடைதான் எல்லாம். 18 வயதுக்குட்பட்ட பையன் 5 கிலோ குண்டு, 1.5 கிலோ வட்டு, 700 கிராம் ஈட்டி எறிகிறான். 20 வயதுப் பிரிவுக்குப் போனதும் அவை 6 கிலோ, 1.75 கிலோ, 800 கிராம் என்று ஏறிவிடும். பெண் பிள்ளைகளுக்கு 3 கிலோ குண்டு 4 கிலோ ஆகும், 500 கிராம் ஈட்டி 600 ஆகும், வட்டு மட்டும் அதே 1 கிலோ. தடை ஓட்டத்திலும் இப்படித்தான்: பையன்களின் 110 மீட்டரில் 91.4 சென்டிமீட்டராக இருந்த தடை 99.1க்கு உயரும், தடைகளுக்கு இடையே உள்ள 9.14 மீட்டர் மட்டும் மாறாது. 700 கிராமில் எறிந்த தூரத்தைக் காட்டி 20 வயதுப் பிரிவின் தகுதி கேட்கிறார்கள். அதைவிட வருத்தமானது, தேய்ந்துபோன பள்ளிக் குண்டைப் பல வருடம் எடை போடாமலே எறிந்து பழகிவிட்டு மாநில மீட்டுக்கு வரும் பிள்ளை. மேசையில் எடை பார்த்துக் கொடுக்கும் குண்டைக் கையில் வாங்கியதுமே அதன் முகம் மாறுவதைப் பார்த்திருக்கிறேன். பக்கத்துக் கடைத் தராசில் ஒருமுறை வைத்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

எல்லாம் சரியாக இருந்தும் தேதி காலை வாரிவிடலாம். நீரஜ் சோப்ரா கதை பலருக்கும் அரைகுறையாகத் தெரியும். 2016 பிப்ரவரியில் குவாஹாட்டியில் 82.23 மீட்டர் எறிந்தார். ரியோ ஒலிம்பிக்கின் தகுதி இலக்கு 83.00. ஜூலை 23ஆம் தேதி, போலந்தில் நடந்த உலக 20 வயதுக்குட்பட்டோர் போட்டியில் 86.48 எறிந்தார், உலக ஜூனியர் சாதனை. அந்தப் பிரிவின் ஈட்டியும் 800 கிராம்தான் என்பதால் ஒலிம்பிக் தகுதிக்கும் அது செல்லுபடியாகியிருக்க வேண்டும். ஆனால் தகுதிக் காலம் ஜூலை 11ஆம் தேதியே முடிந்துவிட்டது. இலக்கைவிட மூன்றரை மீட்டர் அதிகமாக எறிந்தவர் ரியோவுக்குப் போகவில்லை. ஒவ்வொரு சர்க்குலரிலும் "இந்தத் தேதி முதல் இந்தத் தேதிவரை" என்று ஒரு வரி இருக்கும். போன வருடத்து அருமையான ஓட்டம் அந்த வரிக்கு வெளியே போயிருந்தால் மறுபடி ஓடித்தான் ஆக வேண்டும்.

வயதுக்கு வருவோம். இதில்தான் அதிகக் குழப்பம், அதிகத் தில்லுமுல்லும் இதில்தான். உலகப் போட்டியில் கணக்கு எளிது: போட்டி நடக்கும் ஆண்டின் டிசம்பர் 31 அன்று என்ன வயது என்று பார்ப்பார்கள். 2026இல் அமெரிக்காவின் யூஜீனில் நடக்கும் 20 வயதுக்குட்பட்டோர் உலகப் போட்டிக்கு 2007 முதல் 2010 வரை பிறந்தவர்கள் போகலாம். 2007 ஜனவரி 1 அன்று பிறந்தவனுக்கு இடமுண்டு, முந்தைய நாள் இரவு பிறந்தவனுக்கு இல்லை. டிசம்பரில் பிறந்த பிள்ளை எந்தப் பிரிவிலும் கிட்டத்தட்ட ஒரு வயது மூத்த பிள்ளைகளோடு மோதிக்கொண்டே இருக்கும், அது தலைவிதி. நம் பள்ளிப் போட்டிகளில் 14, 17, 19 என்று பிரிவு. தடகளச் சங்கம் நடத்தும் மீட்டுகளில் 14, 16, 18, 20. ஒரே பிள்ளை இரண்டு இடத்தில் இரண்டு பிரிவில் நிற்கும், எடையும் தூரமும் அதற்கேற்ப மாறும். சில மீட்டுகளில் ஆண்டுக்குப் பதிலாகப் போட்டித் தேதியிலிருந்தே வயதைக் கணக்கிடுவார்கள். எந்தத் தேதிக்கும் எந்தத் தேதிக்கும் இடையில் பிறந்திருக்க வேண்டும் என்பதைச் சர்க்குலரில் பாருங்கள், வாட்ஸ்அப்பில் யாரோ சொன்னதை நம்பாதீர்கள்.

வயதைக் குறைத்துப் போடும் பழக்கம் இன்னும் ஒழியவில்லை. பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும் என்பது சட்டம். பத்து வயதில் புதிதாகப் பதிந்த சான்றிதழைப் பார்த்தால் எந்த நடுவருக்கும் சந்தேகம் வரும். இளையோர் மாவட்டங்களுக்கிடையேயான தேசியப் போட்டியில் இடது மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பு வயது பார்ப்பார்கள். டி.டபிள்யூ.3 என்பது அந்த முறையின் பெயர். கையிலும் மணிக்கட்டிலும் 13 எலும்புகளின் வளர்ச்சியை மதிப்பிட்டுச் சொல்லும் கணக்கு. இதற்கு எல்லை உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். பையன்களுக்குப் பதினாறரை, பெண்களுக்குப் பதினைந்து என்ற அளவோடு அந்தக் கணக்கு முழுமையாகிவிடும், அதற்கு மேல் எதுவும் சொல்லாது. சீக்கிரம் வளரும் உடல்வாகுள்ள பிள்ளை உண்மையான சான்றிதழோடு வந்தும் இதில் மாட்டிக்கொள்ளலாம், அந்த வேதனை எனக்குப் புரிகிறது. ஆனால் தெரிந்தே இரண்டு வயது குறைத்துப் போட்டுவிட்டு "எல்லாரும்தான் செய்யறாங்க சார்" என்கிறவர்களிடம் எனக்குப் பொறுமை இல்லை. 16 வயதுப் பையன் 14 வயதுப் பிரிவில் ஜெயிப்பதில் என்ன இருக்கிறது? பத்தாம் வகுப்புச் சான்றிதழிலும் பாஸ்போர்ட்டிலும் ஏறிய பொய்த் தேதியைப் பிறகு அவனே நினைத்தாலும் எளிதில் மாற்ற முடியாது. மாட்டினால் முதலில் தடை விழுவது அவனுக்குத்தான்.

தகுதி இலக்கைத் தொட்டுவிட்டால் இடம் உறுதி என்றும் நினைக்க வேண்டாம். உலக ஜூனியர் போட்டியில் 100 மீட்டர், ஈட்டி என ஒவ்வொன்றுக்கும் ஒரு நாட்டிலிருந்து இரண்டு பேர்தான் களமிறங்கலாம். நாலு பேர் இலக்கைத் தொட்டிருந்தால் யார் போவது என்பதை இந்தியத் தடகளச் சம்மேளனத்தின் தேர்வுப் போட்டி முடிவு செய்யும். உலக அமைப்பு கேட்பதைவிடக் கடினமான இலக்கை நம் சம்மேளனமே வைப்பதும் உண்டு. தேர்வுப் போட்டியில் கலந்துகொள்ளாதவர் பெயர் பரிசீலனைக்கே வராமல் போகலாம். இங்கேதான் பிளஸ் டூ பிள்ளைகள் தவிக்கிறார்கள். மார்ச்சில் பொதுத்தேர்வு, அதை ஒட்டித் தேர்வுப் போட்டி. ஜூன் மாதமே காலண்டரைப் பார்த்து எந்த மீட்டுக்குப் போவது, எதை விடுவது என்று வீட்டில் பேசி வைத்துவிட்டால் பிப்ரவரியில் கண்ணீர் இருக்காது.

மீட்டுக்குள்ளே நடக்கும் தகுதிச் சுற்றிலும் கவனம் வேண்டும். ஹீட்ஸ் எனப்படும் முதற்சுற்று ஓட்டங்களின் முடிவில் பெயருக்குப் பக்கத்தில் பெரிய க்யூ போட்டிருந்தால் இடத்தால் உள்ளே வந்தவர், சின்ன க்யூ என்றால் நேரத்தால் வந்தவர். எத்தனை பேர் இடத்தால், எத்தனை பேர் நேரத்தால் என்பது ஓடுவதற்கு முன்பே தெரிந்துவிடும், பிள்ளைக்குச் சொல்லி அனுப்புங்கள். முதல் இரண்டு பேர்தான் என்று தெரியாமல் கடைசிப் பத்து மீட்டரில் ஓட்டத்தைத் தளர்த்தி மூன்றாவதாக வந்து, நேரத்திலும் தப்பிக்காமல் நின்ற பிள்ளைகள் ஏராளம். எறிதலிலும் தாண்டுதலிலும் தகுதிச் சுற்றில் மூன்று வாய்ப்பு. இலக்கை முதல் வாய்ப்பிலேயே தொட்டுவிட்டால் மிச்சம் இரண்டும் கிடையாது, பையை எடுத்துக்கொண்டு வந்து ஓய்வெடுக்கலாம். அங்கே எறிந்த தூரம் இறுதிச் சுற்றுக்குக் கூடவே வராது, இறுதியில் எல்லாருக்கும் மறுபடி முதலிலிருந்துதான்.

கிளம்புவதற்கு முன் பார்க்க வேண்டியது ஒன்று பாக்கி: ஷூ. 2024 நவம்பர் முதல் டிராக்கில் எந்த ஓட்டத்துக்கும் அடிப்பாகம் 20 மில்லிமீட்டருக்கு மேல் தடிமன் இருக்கக் கூடாது. நீண்ட தூரம் ஓடும் பிள்ளைகளுக்குச் சாலையில் ஓடும் தடித்த ஷூவை ஆசையாக வாங்கிக் கொடுத்து அனுப்புகிறார்கள். சாலைக்கு 40 மில்லிமீட்டர் வரை அனுமதி உண்டு, டிராக்கில் அதே ஷூவோடு ஓடினால் அந்த நேரம் செல்லாது. கடையில் வாங்கும்போதே டிராக்கில் போடலாமா என்று கேட்டு வாங்குங்கள். மீட் முடிந்து வரும்போது சான்றிதழோடு சேர்த்து, காற்றளவும் நேரமெடுத்த முறையும் அச்சிட்ட முடிவுத் தாளை அலுவலக மேசையில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த என்ட்ரி போடும்போது கேட்கப்போவது அந்தத் தாளைத்தான்.