விண்டலூ பார்சலும் 14.5 சதவீதமும்

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் எங்கள் கடைக்கு வருகிறவர்களை, கண்ணுக்கு முன்னால் மூக்கு கண்டுபிடித்துவிடும். கையில் பழுப்புக் காகிதப் பை, அதன் அடியில் எண்ணெய்க் கறை. லண்டனில் ஒயின் விற்கிறேன். (ஊரில் 'ஒயின்ஷாப்' பலகைக்குக் கீழே ஒயினைத் தவிர மற்றதெல்லாம் கிடைக்கும். இங்கே நிஜமாகவே ஒயின்தான்.) "கறி பார்சல் வாங்கியிருக்கேன், நல்ல காரம். அதுக்கு ஈடுகொடுக்கிற மாதிரி கனமான சிவப்பு ஒயின் ஒண்ணு கொடுங்க." இதைக் கேட்காத வாரம் கிடையாது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் கேட்டதையே எடுத்துக் கொடுத்தேன். விண்டலூ என்ற படுகாரமான கறிப் பார்சலோடு வந்த ஒருவருக்கு ஆஸ்திரேலியாவின் பரோசா ஷிராஸ் என்ற கனமான சிவப்பு ஒயின், ஆல்கஹால் 14.5 சதவீதம். அடுத்த வாரம் வந்தார். "ஒயின் கெட்டுப்போயிருந்தது, தொண்டை வரைக்கும் எரிஞ்சது" என்றார். ஒயினில் ஒரு குறையும் இல்லை. முள்ளை முள்ளால் எடுக்கலாம் என்று நினைத்த என் கணக்குதான் தப்பு.

மிளகாய் பஜ்ஜியைக் கடித்த வாயோடு சூடான டீயை உறிஞ்சியிருப்பீர்கள் அல்லவா? அதே கதைதான். காரம் நாக்கின் சுவை மொட்டுகளில் பிறப்பதில்லை. சூட்டை உணரும் நரம்பு ஏற்பி ஒன்று இருக்கிறது, டிஆர்பிவி1 என்று பெயர். மிளகாயில் உள்ள கேப்சைசின் அதைத்தான் கிளறிவிடுகிறது. சாதாரணமாக 42 டிகிரி செல்சியஸ் சூட்டில் விழிக்கிற அந்த ஏற்பி, ஆல்கஹால் பட்டால் 34 டிகிரியிலேயே விழித்துக்கொள்கிறது என்று 2002-ல் வெளியான ஆய்வு காட்டியது. நம் உடம்புச் சூடே அதைவிட அதிகம். போதாததற்குச் சிவப்பு ஒயினில் துவர்ப்பு வேறு. இங்கே பலர் துவர்ப்புக்கும் இனிப்பில்லாமைக்கும் 'டிரை' என்று ஒரே சொல்லைச் சொல்லிக் குழம்புவார்கள். வாழைப்பூவும் கடுக்காயும் தின்று வளர்ந்த நமக்கு விளக்க வேண்டியதில்லை. காரத்தில் வெந்த நாக்குக்கு அந்தத் துவர்ப்பு உப்புத்தாள் மாதிரி.

விண்டலூ என்ற பெயரிலேயே ஒயின் இருக்கிறது. ஒயினிலும் பூண்டிலும் இறைச்சியை ஊறவைக்கும் போர்த்துகீசிய 'வின்யா தாலியோஷ்' கோவாவுக்கு வந்து வினிகரும் மிளகாயும் சேர்ந்து விண்டலூவானது. பிரிட்டனின் கறி உணவகங்கள் அதைக் காரப் போட்டியாகவே ஆக்கிவிட்டன. இன்று எந்தப் பார்சலையும்விட ஒயினோடு அதிகம் சண்டை போடுவது அதுதான்.

ஆகவே இப்போதெல்லாம் என்னிடம் யார் கேட்டாலும், திராட்சை வகை, ஊர், வருடம் எல்லாவற்றுக்கும் முன்னால் லேபிளின் மூலையில் இருக்கும் ஆல்கஹால் சதவீதத்தைப் பார்க்கச் சொல்கிறேன். ஜெர்மனியின் மோசல் பகுதி ரீஸ்லிங் என்ற வெள்ளை ஒயினில் 'காபினெட்' என்று எழுதி, 8 அல்லது 9 சதவீதம் என்று போட்டிருந்தால் காரப் பார்சலுக்கு அதை எடுக்கலாம். திராட்சையின் சர்க்கரைதான் நொதித்து ஆல்கஹால் ஆகிறது. எண் சிறியது என்றால் சர்க்கரையில் ஒரு பங்கு மாறாமல் உள்ளேயே நின்றுவிட்டது என்று பொருள். அந்த இனிப்பு எரிச்சலைத் தணிக்கும், புளிப்பு எண்ணெயை அறுக்கும். அதே ரீஸ்லிங்கில் 'ட்ரோக்கன்' என்றும் 12 சதவீதம் என்றும் இருந்தால் இனிப்பே இருக்காது, ஆள் வேறு.

அந்த எண்ணுக்கு இன்னொரு வேலையும் உண்டு. பிரிட்டனில் ஒரு யூனிட் என்பது 10 மில்லி தூய ஆல்கஹால். 750 மில்லி பாட்டில் 14.5 சதவீதமென்றால் ஏறக்குறைய 11 யூனிட், 8 சதவீதமென்றால் 6. வாரத்துக்கு 14 யூனிட்டைத் தாண்ட வேண்டாம், அதையும் மூன்று நாளிலோ அதற்கு மேலோ பரப்பிக்கொள்ளுங்கள் என்று 2016-லிருந்து அரசு மருத்துவ ஆலோசனை சொல்கிறது; ஆண், பெண் இருவருக்கும் அதே அளவு. ஆபத்தே இல்லாத அளவு என்று எதுவும் கிடையாது என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் அறிவித்தது. விற்கிறவனே இதைச் சொல்வது வேடிக்கைதான், இருந்தாலும் என் கண்ணில் படுவது இது: பார்சல் சாப்பாட்டில் உப்பும் காரமும் தூக்கல். தாகம் எடுக்கும், எரியும், தணிக்க இன்னொரு வாய் ஒயின், அது இன்னும் எரிக்கும். பப்களில் 125, 175, 250 மில்லி என்று அளந்து ஊற்றுகிறார்கள். வீட்டு சோபாவில் அளவு ஏது? தாகத்துக்குத் தண்ணீர், எரிச்சலுக்குத் தயிர். பாலில் உள்ள கேசின் என்ற புரதம் கேப்சைசினைப் பிடித்துக்கொள்ளும், ஒயினால் அது முடியாது. இரண்டு கிளாஸ் உள்ளே போன பிறகு "நான் ரொட்டி வாங்க மறந்துட்டேன்" என்று கார் சாவியை எடுப்பவர்களும் இருக்கிறார்கள். நான் ரொட்டி இல்லாமல் ஒரு வேளை சாப்பிடலாம்.

காரமில்லாத பார்சல் என்றால் வேலை சுலபம். நெல்லிக்காய் தின்று தண்ணீர் குடித்தால் தண்ணீரே இனிக்கிறதே, அதுபோல உணவு ஒயினின் குணத்தை மாற்றும். உப்பும் புளிப்பும் ஒயினை மென்மையாக்கும். இனிப்பு அதைப் புளிக்கவும் கசக்கவும் வைக்கும். பொரித்த கோழிக்கு ஷாம்பெய்னோ, அதேபோல் குமிழியெழும், விலை குறைந்த பிரெஞ்சு க்ரெமானோ அத்தனை பொருத்தம். (குமிழியும் காரமும் மட்டும் ஒத்துப்போகாது, குத்தும்.) மால்ட் வினிகர் தெளித்த மீனுக்கும் சிப்ஸுக்கும் மஸ்கடே போலப் புளிப்பான வெள்ளை ஒயின். பீட்சாவின் தக்காளிக்கு இத்தாலியின் பார்பெரா என்ற சிவப்பு ஒயின். கெச்சப் வழியும் பர்கருக்கு அரைமணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்த போஜொலே என்ற லேசான பிரெஞ்சு சிவப்பு ஒயின். சீனக் கடையின் ஸ்வீட் அண்ட் சோருக்கு மறுபடியும் அந்த காபினெட்தான்.

ஈஸ்ட்ஹாமில் இருக்கும் நண்பர் கொத்து ரொட்டிக்கு என்ன திறக்கலாம் என்று போன் செய்வார். மோர் என்பேன், சிரிப்பார். பிறகு ரீஸ்லிங் பெயரைச் சொல்வேன். திருகு மூடிதான், இரண்டு பேரும் ஆளுக்கொரு கிளாஸோடு நிறுத்தி, மூடி ஃபிரிட்ஜில் வைத்தால் மூன்று நாளுக்குக் கெடாது. திங்கட்கிழமை மீதிக் கொத்துக்கும் இருக்கும்.